கரியபோளம் ஒட்டிய கை

எகிப்தின் புருல்லுஸ் ஏரிக்கரை மீன் ஏலக்களத்தில் இன்ஷிராஹைப் போல மீன் தெரிந்த ஆள் கிடையாது. பெண்களில் கிடையாது என்று சொன்னால் அது பாதிதான், ஆண்களிலும் கிடையாது. மற்றவர்கள் செவுளைப் பிளந்து பார்ப்பார்கள், வயிற்றை அமுக்கிப் பார்ப்பார்கள். அவள் கூடையைத் தூக்கும்போதே மீன் எந்த நேரத்தில் வலையில் விழுந்தது என்று சொல்லிவிடுவாள். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவள். பதினான்கு வயதில் தலையில் ஒற்றைக் கூடையோடு வந்து, முப்பத்தெட்டு வயதில் தகரக் கூரை போட்ட சொந்தக் கல்மேடையில் காலை மடக்கி உட்கார்ந்து விற்றாள். அப்பன் வாங்கிக் கொடுத்த மேடை இல்லை, புருஷன் வாங்கிக் கொடுத்ததும் இல்லை. புருஷன் ஸப்ரி படகோட்டி. நல்ல மனிதன்தான், ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் தலையாட்டுகிறவன்.

எல்லாவற்றையும்விட அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஃபசீக். வசந்தப் பெருநாளன்று ஊரே வெங்காயத்தோடு தின்கிற புளித்த உப்பு மடவை மீன் அது. கொஞ்சம் பிசகினால் விஷம். ஒவ்வொரு வருடமும் எங்கேயாவது யாராவது அதைத் தின்று ஆஸ்பத்திரியில் கிடப்பார்கள். ஆனால் இன்ஷிராஹ் போட்டது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அவள் ஃபசீக்கைத் தின்று ஒருவருக்கும் ஒரு நாளும் வயிறு கடுத்ததில்லை. இதை மற்றவர்கள் சொல்லும்வரை அவள் காத்திருக்கவும் மாட்டாள். தானே சொல்லிவிடுவாள்.

அப்படிப்பட்டவள் ஆயுளில் இரண்டே முறைதான் கையேந்தினாள். அதுவும் பிள்ளைக்காக.

முதலில் ஒரு பெண் பிறந்தது. ஹானிம் என்று பெயர். ஏழு மாதம் இருந்து, வயிற்றுப்போக்கில் போய்விட்டது. அப்போது இன்ஷிராஹுக்கு மறுபடியும் மூன்று மாதம். அந்தக் கருவும் தங்கவில்லை. பிறகு எட்டு வருடம் ஒன்றுமில்லை. முப்பத்தேழு வயதில் இந்தப் பையன் வயிற்றில் வந்தபோது, பிள்ளை தங்காத வீட்டில் செய்கிறதை அவளும் செய்தாள். தலைத்துணியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு ஏழு வீட்டு வாசலில் நின்று, பிறக்கப்போகும் பிள்ளைக்குப் போர்த்தப் பழந்துணி பிச்சை கேட்டாள். அந்தத் துணியில் சுற்றி, ஷஹ்ஹாத் என்று பெயர் வைத்தார்கள். பிச்சைக்காரன் என்று அர்த்தம். பிச்சைக்காரனைப் பார்த்து எவள் கண் வைப்பாள்.

அன்று ஏழாவது வீடாக அவள் நின்றது நபவிய்யாவின் கதவில். நபவிய்யா ஸப்ரியின் அக்கா, விதவை, அதே வீட்டின் மாடியில் தனியாக இருந்தாள். தன் கல்யாணச் சால்வையைக் கிழித்துக் கொடுத்தாள். அதை இன்ஷிராஹ் மறந்ததில்லை. ஆனால் வேறொன்றையும் மறந்ததில்லை. ஹானிமை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, கை கழுவுகிற இடத்தில் நின்று நபவிய்யா சொன்னாள்: “வயித்துல ஒண்ண வச்சுக்கிட்டு இன்னொண்ணுக்குப் பால் குடுத்தா வேற என்ன ஆகும். கர்ப்பப்பால் விஷம்னு தெரியாதா உனக்கு.” அந்தச் சொல் ஒன்பது வருடமாக இன்ஷிராஹின் நெஞ்சில் மீன் முள்ளாகக் கிடந்தது.

ஷஹ்ஹாத் நன்றாக வளர்ந்தான். ஆறு மாதம் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டு வேறு இல்லை. ஆறு முடிந்ததும் இன்ஷிராஹ் தன் கையால் தொடங்கினாள். உருளைக்கிழங்கை வேகவைத்து விரலால் மசித்து ஒரு நுனி. மறுநாள் இரண்டு நுனி. பிறகு தோல் நீக்கிய பருப்பை வடித்த நீர், அவித்த முட்டையின் மஞ்சள், குழைந்த சோறு. கரண்டி அவளுக்குப் பிடிக்காது. சூடு விரலுக்குத் தெரியும், கரண்டிக்குத் தெரியுமா என்பாள். பையன் விரலைக் கண்டதும் குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறப்பான். விடியும் முன் பால் கொடுத்துவிட்டு ஏலத்துக்குப் போவாள். நண்பகல்வரை நபவிய்யா பார்த்துக்கொள்வாள். வந்ததும் சோறு, அதன்மேல் பால். “ரெண்டு வருஷம் முழுசா குடுப்பேன். ஒரு நாள் கொறைக்க மாட்டேன்” என்று களத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி வைத்திருந்தாள்.

எட்டாவது மாதத்தில் வசந்தப் பெருநாள் வந்தது. பீப்பாய்கள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. கடைசிப் பீப்பாயின் அடியில் கிடந்த நாலைந்து மீனை இன்ஷிராஹ் ஒரு ஜாடியில் போட்டுத் தனக்கென்று வைத்துக்கொண்டாள். ஸப்ரி ஃபசீக்கைத் தொட மாட்டான், நபவிய்யாவுக்கு உப்பு ஆகாது. காலையில் ரொட்டியோடும் வெங்காயத்தோடும் அவள் ஒருத்திதான் தின்றாள். அன்று களத்தில் வாந்தி எடுத்தாள். மறுநாளும் தின்றாள், மறுநாளும் எடுத்தாள். நாலு நாள் இப்படி.

பக்கத்து மேடையில் ரொட்டி விற்கிற தவ்ஹீதா முதுகைத் தடவிக்கொண்டே கேட்டாள்: “உம்மு ஷஹ்ஹாத், அடிமீன் ஏதாச்சும் தின்னியா?” உம்மு என்றால் அம்மா, பிள்ளை பிறந்ததிலிருந்து களத்தில் அவளுக்கு அதுதான் பெயர்.

இன்ஷிராஹ் வாயைத் துடைத்துக்கொண்டு முறைத்தாள். “என் ஃபசீக்கையா சொல்ற? இந்தக் கை போட்ட மீனையா? இன்னொரு தடவ சொன்ன, உன் ரொட்டி மாவுல என்ன கலக்குறன்னு நான் சொல்ல வேண்டியிருக்கும்.”

தவ்ஹீதா ரொட்டி அடுக்கப் போய்விட்டாள். அதோடு மீன் பேச்சு முடிந்தது. மீன் இல்லையென்றால் வேறு என்ன? அதை நபவிய்யா சொன்னாள், மாடிப்படியில் நின்றுகொண்டே.

“காலையில வாந்தி. மூஞ்சி மஞ்சளா கெடக்கு. வாயி கசக்குதா?”

“கசக்குது மதினி.”

“அப்ப என்ன சந்தேகம். தம்பி, உன் பொண்டாட்டி உண்டாயிருக்கா.”

பால் கொடுக்கிற உடம்பு. பிரசவத்துக்குப் பிறகு இன்னும் தூரம் வரவில்லை. ஆமென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. ஸப்ரி முகம் வெளுத்துப்போய்க் கட்டிலில் உட்கார்ந்தான். “ஹானிமுக்கு ஆன மாதிரி ஆயிடக்கூடாது” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க நபவிய்யா மருந்துச் சரக்குக் கடைக்குப் போய், கற்றாழைப் பாலைக் காய்ச்சி உலர்த்திய கரியபோளத்தில் ஒரு துண்டு வாங்கி வந்து வைத்தாள். கறுத்துப் பளபளவென்று, உடைந்த பாட்டில் கண்ணாடி போல இருந்தது.

யாருக்கும் அடங்காத இன்ஷிராஹ் அன்று அடங்கினாள். கண்முன் ஹானிமின் குழிந்த கண்கள். தானே அந்தத் துண்டைக் கிண்ணத்தில் நீர் விட்டு உரைத்தாள். தானே வலது கைவிரலால் தொட்டு, மார்க்காம்பில் தடவிக்கொண்டாள்.

பையன் ஓடிவரும் வயதில்லை. தவழ்ந்து வந்து, மடியில் ஏறி, வாயை வைத்தான். அந்த முகம் சுருங்கிய விதத்தை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள். அழுதான். ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் வந்தான், தாய் இப்படிச் செய்திருக்க மாட்டாள் என்று நம்பினவன் மாதிரி. மறுபடியும் கசப்பு. மூன்றாவது முறை வரவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பால்தானே போகிறது, சோறு இருக்கிறதே என்று அவள் நினைத்தாள். உருளைக்கிழங்கை விரலால் மசித்து நீட்டினாள். வாயில் வாங்கினான், துப்பினான். முட்டை மஞ்சளைத் துப்பினான். பருப்பைத் துப்பினான். இரண்டு நாள் போனதும் அவள் விரல் பக்கத்தில் வந்தாலே உதட்டை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பினான். ஆனால் நபவிய்யா ஒரு கண்ணாடித் தம்ளரில் சர்க்கரை போட்ட கறுப்புத் தேநீரில் பிஸ்கட்டை நனைத்து ஊட்டினால் தின்றான். தினம் மூன்று தம்ளர்.

“என் கையில திங்கிறான் பாரு” என்றாள் நபவிய்யா. அதில் பெருமை இருந்தது. அந்தப் பெருமையைப் பார்த்துதான் இன்ஷிராஹுக்கு வயிறு எரிந்தது. பெற்றவள் கை கசக்கிறது, மாடியில் இருக்கிறவள் கை இனிக்கிறது. பிள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுக்கிறாள் என்று மனம் சொன்னது. களத்தில் ஒரு வாரம் அவளிடம் யாரும் விலை பேசத் துணியவில்லை. பேசியவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள். ஜாடி காலியாகி வாந்தி நின்ற பிறகும் வாய்க்கசப்பு நிற்கவில்லை. அதையும் நபவிய்யா கர்ப்பக் கணக்கில் சேர்த்தாள்.

பன்னிரண்டாம் நாள் பையனைக் குளிப்பாட்டும்போது விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. உள்ளங்கை வெள்ளைத் துணி மாதிரி வெளுத்திருந்தது. இன்ஷிராஹ் ஒருவரிடமும் சொல்லவில்லை. துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு நடந்தாள்.

அங்கே இருந்த டாக்டரம்மா சின்னப் பெண். பிள்ளை தூக்கின இடுப்பாகவே தெரியவில்லை என்று இன்ஷிராஹ் பார்த்ததும் முடிவு கட்டினாள். டாக்டரம்மா பையனை எடை போட்டாள், கண் இமையை இழுத்துப் பார்த்தாள், விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தாள்.

“டீ குடுக்கிறீங்களா?”

“எல்லா வீட்டுலயும்தான் குடுக்குறாங்க.”

“எல்லா வீட்டுப் புள்ளையும்தான் இங்க வெளுத்துப்போய் வருது. டீ குடிச்சா புள்ளைக்கு ரத்தம் ஊறாது தாயீ. பால ஏன் நிறுத்தினீங்க?”

“உண்டாயிருக்கேன். நாலு நாள் வாந்தி. விஷப்பால குடுக்கச் சொல்றியா?”

டாக்டரம்மா ஒரு சின்னக் கிண்ணத்தைக் கையில் கொடுத்துக் கழிப்பறைப் பக்கம் காட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“நீங்க உண்டாகல. நாலு நாள் வாந்தின்னு சொன்னீங்களே, என்ன தின்னீங்க?”

இன்ஷிராஹ் சுவர்ப்பக்கம் திரும்பினாள். சுவரில் ஒரு பல்லி போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்தாள்.

“ஃபசீக்கா?”

அவள் பையனின் துணியை இழுத்துச் சுற்றினாள்.

“உயிரோட இருக்கிறதே பெருசு. இன்னொண்ணும் கேட்டுக்குங்க. உண்டாயிருந்தாலும் பால் பால்தான். விஷமாகாது. எந்தப் புள்ளையும் அதனால சாகல.”

“எம் பொண்ணு செத்தா.”

“எப்படி?”

“வயித்துப்போக்கு. சுரம்.”

“அப்ப வயித்துப்போக்குலதான் செத்தா. பாலால இல்ல. தண்ணி காய்ச்சிக் குடுத்தீங்களா?”

இன்ஷிராஹ் வருடங்களை எண்ணினாள். ஒன்பது வருடம். ஒன்பது வருடமாகத் தன் மார்பைத் தானே கொலைகாரி என்று நினைத்துச் சுமந்திருக்கிறாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, காலிலிருந்து ஏறி வந்தது.

சீட்டில் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். மை ஒட்டிய வலது கட்டைவிரலைப் பழக்கத்தில் நாக்கில் வைத்துத் துடைக்கப் போனாள். கசந்தது. மைதான் என்று நினைத்தாள். மை படாத ஆள்காட்டி விரலை வைத்தாள். அதுவும் கசந்தது. நடுவிரலும் கசந்தது. நகத்துக்குள் கறுப்பாக ஏதோ படிந்திருந்தது. இடதுகை விரலை வைத்தாள். வெறும் உப்பு, மீன் உப்பு.

அங்கேயே நின்றாள். தினம் இரண்டு முறை அந்தக் கையால் கரியபோளம் தடவினாள். அந்தக் கையாலேயே கிழங்கை மசித்தாள், முட்டையைப் பிசைந்தாள், தானும் தின்றாள். மேலுக்குக் கழுவினால் அது போகிற சாமானா. பையன் சோற்றைத் துப்பவில்லை. கசப்பைத் துப்பினான்.

வீட்டுக்கு வந்தபோது மாடியில் தம்ளரும் பிஸ்கட்டும் தயாராக இருந்தன. இன்ஷிராஹ் ஏறிப் போய்த் தம்ளரை எடுத்துப் படிக்கட்டில் கவிழ்த்தாள். கெண்டியில் இருந்ததையும் கவிழ்த்தாள்.

“இனிமே இந்த வீட்டுல எவளாச்சும் எம் புள்ள வாயில டீ வச்சா, அந்தக் கைய மீன் வெட்டுற கட்டையில வச்சு வெட்டுவேன் மதினி.”

“பைத்தியம் புடிச்சிருக்கா உனக்கு?”

“நான் உண்டாகல. பால் விஷமும் இல்ல. ஹானிம் செத்தது வயித்துப்போக்குல. அடக்கம் பண்ணிட்டு வந்த கை காயல, நீ என்ன சொன்ன? ஞாபகம் இருக்கா?”

நபவிய்யாவுக்கு ஞாபகம் இருந்தது, முகம் சொன்னது. ஆனால் அவளும் லேசுப்பட்டவள் இல்லை. “எங்கம்மா சொன்னத சொன்னேன். அவளுக்கு அவ அம்மா சொன்னது. நான் என்ன டாக்டரா? பன்னெண்டு நாளா அவன் வயித்துல எறங்கினது நான் குடுத்தது மட்டும்தான். அதுவும் இல்லன்னா இன்னைக்கு எதத் தூக்கிக்கிட்டு நின்னு கத்துவ?”

“கரியபோளம் வாங்கிட்டு வந்தவ நீ.”

“வாங்கிட்டு வந்தேன். தடவினது யாரு கை? நானா உன் சட்டையத் திறந்து தடவினேன்? ஊர் முழுக்க யாரு பேச்சையும் கேக்காதவ என் பேச்ச மட்டும் ஏன் கேட்ட?”

இதற்கு இன்ஷிராஹிடம் பதில் இருந்தது. சொல்ல முடியாத பதில். ஃபசீக் கெட்டுப்போனது என்று ஒத்துக்கொள்வதைவிட, கர்ப்பம் என்று ஒத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. அதுதான் நடந்தது. அவள் திரும்பிப் படியிறங்கினாள். தேநீர் அவள் செருப்பில் பிசுபிசுத்தது.

எலுமிச்சையை அறுத்து வலது கையைத் தேய்த்தாள். கல்லுப்பு போட்டுத் தேய்த்தாள். ஏரி மணலால் தேய்த்தாள். நகத்தை ஒட்ட வெட்டினாள். தோல் சிவந்து எரிந்தது. ஒவ்வொரு விரலாக நக்கிப் பார்த்து, கசப்பு போனதென்று தெரிந்த பிறகு மார்பையும் கழுவிக்கொண்டு பையனை மடியில் வைத்தாள். அவன் முகர்ந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டான். சோற்றை விரலில் எடுத்து நீட்டினாள். உதடு இறுகியது. கை கழுவினது அவனுக்குத் தெரியுமா. அந்தக் கை என்றால் கசப்பு, அவ்வளவுதான்.

மறுநாள் காலை அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு களத்துக்குப் போனாள். மேடையைத் திறக்கவில்லை. நேராகத் தவ்ஹீதா முன்னால் போய் நின்றாள்.

“பிச்ச கேக்க வந்திருக்கேன்” என்றாள், சண்டைக்கு வந்தவள் குரலில். “எம் புள்ளைக்கு ஒரு வாய் குடு. உன் கையால.”

தவ்ஹீதா வாயைப் பிளந்தாள். “என்னடி ஆச்சு உனக்கு?”

“என் ஃபசீக் கெட்டுப்போச்சு. ஜாடிமீன். நீ கேட்டப்பவே ஒத்துக்கிட்டிருக்கணும். வாய் வரல. அதுக்குப் பதிலா எம் புள்ள வாயில கரியபோளத்தத் தடவினேன். இப்ப என் கையப் பாத்தா வாய மூடுறான். போதுமா? இன்னும் சத்தமா சொல்லணுமா?”

சத்தமாகத்தான் சொல்லியிருந்தாள். ஏலம் கூவிக்கொண்டிருந்தவன்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தான். இருபத்துநாலு வருடம் கட்டின பெயரை ஒரு மூச்சில் போட்டு உடைத்தாள். யாரும் சிரிக்கவில்லை, தவ்ஹீதாவைத் தவிர.

“அட, உம்மு ஷஹ்ஹாத் தப்பு ஒத்துக்கிட்டா. தேதி குறிச்சு வைங்கடி யாராச்சும்” என்றாள். ஆனால் சொல்லிக்கொண்டே ரொட்டியின் நடுவை எடுத்துத் தன் பருப்புக் கஞ்சியில் ஊறவைத்தாள். பையன் புதுக் கையைப் பார்த்தான், யோசித்தான், வாயைத் திறந்தான்.

காய்கறிக்கார பஹிய்யா அவித்த உருளைக்கிழங்கு மசித்து ஊட்டினாள். தயிர்க்காரி ஒரு நுனி தயிர். ஐஸ் உடைக்கிறவன் மனைவி தன் பாத்திரத்துச் சோறு. முட்டைக்காரி ஒரு துளி மஞ்சள். ஆறாவதாக வலை பின்னுகிறவள் வேகவைத்த சுரைக்காய். ஒவ்வொருத்தியிடமும் இன்ஷிராஹ் அதே முறைப்போடு நின்று, “கையக் கழுவிட்டுக் குடு” என்றாள். பிச்சைக்காரியை இப்படி ஒரு அதிகாரத்தோடு அந்தக் களம் பார்த்ததில்லை.

ஆறு வாய் முடிந்தது. பழந்துணிக்கு ஏழு வாசல் போல இதற்கு ஏழு கை, ஏழாவது தன் கை என்று அவள் முன்பே முடிவு செய்திருந்தாள். அன்று காலை உயிரோடு வந்த சின்ன மடவை ஒன்றைச் சுட்டு, வயிற்றுப் பக்கத்துச் சதையை எடுத்து, முள் இருக்கிறதா என்று மூன்று முறை விரலால் நசுக்கிப் பார்த்தாள். அதே வலது கை. நீட்டினாள்.

பையன் உதட்டை இறுக்கினான்.

“டேய்” என்றாள். கோபம் குறையவில்லை, குரல் மட்டும் இறங்கியிருந்தது. “உங்கம்மா ஒரு தடவ ஏமாத்தினா. ஒத்துக்கிட்டேன். ஊருக்கே சொல்லிட்டேன். இன்னும் என்னடா வேணும் உனக்கு?” பாதியைத் தன் வாயில் போட்டு மென்று காட்டினாள். மீதி விரல் நுனியில் அப்படியே இருந்தது. கையை நெருக்கவில்லை, எடுக்கவும் இல்லை. மீன் கொழுப்பு விரலில் வழிந்தது.

பெண்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். அப்போதுதான் நபவிய்யா வந்து சேர்ந்தாள், அவித்த முட்டை ஒன்றைத் துணியில் பொதிந்துகொண்டு. முட்டை மட்டும்தான். தம்ளர் இல்லை, பிஸ்கட் இல்லை. முட்டையை நீட்டினாள்.

இன்ஷிராஹ் திரும்பிப் பார்க்கவில்லை. “ஏழுக்கு ஆள் இருக்கு மதினி” என்றாள். “வேணும்னா எட்டாவதா நில்லு.”

நபவிய்யா நின்றாள். பையன் தலையை முன்னால் நீட்டி, விரலை முகர்ந்து, நாக்கு நுனியால் தொட்டான். நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எதையோ எதிர்பார்த்தான். எதிர்பார்த்தது வரவில்லை. பிறகு விரலை முழுசாக வாயில் வாங்கி, கீழே முளைத்திருந்த இரண்டு பற்களால் நறுக்கென்று கடித்தான்.

இன்ஷிராஹுக்குக் கண்ணில் நீர் முட்டியது. வலி என்று சொல்லிக்கொண்டாள். கையை மட்டும் இழுக்கவில்லை.